நாற்பத்தொன்றாம் விதி

பிப்ரவரி மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி இருபத்தேழு நிமிடம்.

கூட்டம் என்னவோ ஐந்தரைக்குத்தான். ஆனால் சாரணர் குழுவின் கூட்டக் குறிப்பேட்டில் ஐந்து இருபத்தேழு என்றே பதிவாகியிருக்கிறது. எழுதியவர் அப்போதே வந்துவிட்டார். தாம் வந்த பிறகும் கூட்டம் தொடங்கவில்லை என்று எழுத அவர் மனம் ஒப்பவில்லை. ஆக, மூன்று நிமிடம் அவர் ஒருவரே கூட்டமாக இருந்திருக்கிறார். அந்த மூன்று நிமிடத்தில் இரண்டு தீர்மானங்கள் வேறு நிறைவேறியிருக்கின்றன. ஒன்று, காற்று வரச் சன்னலைத் திறப்பது. மற்றொன்று, காற்றில் தாள் பறப்பதால் அதை மூடுவது.

இந்த இனத்தை ஏற்பாட்டுக்காரர் என்று அழைப்போம். உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். அலுவலகத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார். வீடு பெரிய வீடாக இருந்தால் இருவர் இருந்து, ஒருவருடைய ஏற்பாட்டை மற்றவர் சரிபார்த்துக்கொண்டிருப்பார். ரயில் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே நிலையத்துக்குப் போய், எந்தப் படிக்கட்டில் பெட்டியைத் தூக்குவது எளிது என்று வெறும் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருபவர். குடையோடு குடைக்கு உறையும், உறை தொலைந்தால் கட்டிக்கொள்ள ஒரு நாடாவும், நாடா வைத்த இடம் மறந்தால் எடுத்துப் பார்க்க ஒரு சீட்டும் வைத்திருப்பவர். விருந்துக்கு அழைத்தால், உள்ளே நுழையும் முன்பே, வண்டியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினால் கிளம்ப வசதி என்று வாசலில் நின்று விசாரிப்பவர். கிளம்பும்போது அவர் முகத்தைப் பாருங்கள், அப்படி ஒரு நிறைவு இருக்கும். விருந்து நன்றாக இருந்ததனால் அல்ல. வண்டி ஒரே திருப்பில் திரும்பியதனால்.

நம்மவருக்கு நகரப் பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை போடும் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் போடுகிறார். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் போட்ட அட்டவணைப்படி ஒரு பேருந்தும் வந்ததில்லை. எட்டு பதினைந்து என்று அவர் எழுதினால் அது எட்டு இருபத்தெட்டுக்கு வரும், அல்லது எட்டு ஒன்பதுக்கே வந்து, ஓடி வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போய்விடும். நாள் முழுவதும் இப்படி அவமானப்படுகிற ஒரு மனிதருக்கு வாரக் கடைசியில் ஒரு சாரணர் குழு கிடைத்தால் என்ன ஆகும்? பேருந்துகள் செய்த பாவத்தைப் பிள்ளைகள் கழித்தார்கள். அவர்கள் அவரை அட்டவணை சார் என்று அழைத்தார்கள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அன்றைய கூட்டத்துக்கு ஐந்து முப்பத்தொன்றுக்கு வந்து, 'தாமதமாக வந்தோர்' என்ற பத்தியில் முதல் ஆளாக இடம் பிடித்தவர் ஒரு மருந்தாளர். இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள். கையெழுத்துப் புரியாத சீட்டுகளை ஒரு பார்வையில் படிக்கிற கண். வாடிக்கையாளர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிற நாக்கு. குழுவுக்குத் துணைத் தலைவியாக அன்றுதான் பொறுப்பேற்றார். விரும்பி ஏற்றார் என்று சொல்ல முடியாது. குழுவையே இழுத்து மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார்.

செய்தி உண்மைதான். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. 'இக்குழு கடந்த ஓராண்டில் ஒரு வெளிநடைகூட நடத்தவில்லை. ஜூன் முப்பதுக்குள், குழுவின் இருபத்தொரு சாரணரும் தொடங்கி, இருபத்தொருவரும் சேர்ந்து முடிக்கும் ஒரு நடையையேனும் மேற்பார்வையாளர் முன்னிலையில் நடத்தாவிட்டால், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள குழுவோடு இணைக்கப்படும்.' அக்கரைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அவை வரும் இலட்சணம் எல்லோருக்கும் தெரியும், அட்டவணை சாருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். இணைப்பு என்றால் குழு கலைந்தது என்று பொருள். மருந்தாளரின் மகள் அந்தக் குழுவில் நரி அணிக்குத் தலைவி. பள்ளியில் யாரோடும் ஒட்டாத பெண், அந்தக் கழுத்துத் துணியைக் கட்டினால் மட்டும் ஆறு பேரை அதட்டி வரிசையில் நிறுத்துவாள். தாய்க்கு அது போதும். அதற்காக எந்தக் கூட்டத்திலும் உட்காரத் தயாராக இருந்தார். ஆனால் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பது அப்போது தெரியாது.

ஓராண்டாக ஏன் ஒரு நடையும் நடக்கவில்லை? நல்ல கேள்வி. திட்டம் முடியாததனால்.

இந்த முறை முடிந்திருந்தது. நகரத்தின் பழைய கட்டடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும் நடை. பழைய அஞ்சலகத்தில் தொடங்கி, கல்பாலம் தாண்டி, முதல் அச்சுக்கூடம் வழியாக, மணிக்கூண்டில் முடிவது. இரண்டரை மணி நேரம். அதற்கான திட்டம் நாற்பத்து மூன்று பக்கம். பக்க எண்ணும் இருந்தது, பக்க எண்களுக்கு ஓர் அட்டவணையும் இருந்தது. மருந்தாளர் புரட்டிக்கொண்டே வந்தார். காலணிக் கயிறு அறுந்தால், விதி பன்னிரண்டு. இரண்டு கயிறும் ஒரே நேரத்தில் அறுந்தால், பன்னிரண்டு ஆ. யாராவது தும்மினால், எத்தனை தும்மலுக்குப் பிறகு அதைச் சளி என்று கொள்வது என்பதற்கு விதி இருபத்தேழு. அதுவரை அவர் பொறுத்துக்கொண்டார். நாற்பத்தொன்றில் பொறுமை தீர்ந்தது. உரக்கவே படித்தார்:

'நடை முடியும் நேரத்துக்கு முன் சாரணர் எவரேனும் வீடு திரும்பினால், வீட்டார் செய்ய வேண்டியவை. அ: ஏன் என்று கேட்க வேண்டாம்; கேட்டால் நேரம் போகும். ஆ: உட்கார விட வேண்டாம், உட்கார்ந்தால் காலணி கழலும். இ: கிடைத்த வண்டியில் ஏற்றி உடனே மணிக்கூண்டுக்கு அனுப்பவும்.'

"சார், நடந்துக்கிட்டிருக்கிற பிள்ளை நடுவுல எதுக்கு சார் வீட்டுக்கு வருது?"

"வராது, மேடம்."

"அப்புறம் எதுக்கு இந்த விதி?"

"வந்தா?"

மூன்றாவது தலைவரான பல் மருத்துவர் இந்த இடத்தில் சிரித்துவிட்டார். அவர் இன்னோர் இனம். 'விடுங்க, பாத்துக்கலாம்' இனம். அந்த இனத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டாலும் அவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள்.

"விடுங்கம்மா," என்றார் அவர். "வீட்டுக்கு ஒரு தாள்தானே. ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போறாங்க."

மருந்தாளர் விடவில்லை. "டாக்டர் சார், நீங்க சாட்சி. இந்த நாற்பத்தொண்ணு என்னைக்காவது ஒரு நாள் நிஜமாவே தேவைப்பட்டுச்சுன்னு வைங்க, இந்த நாற்பத்து மூணு பக்கத்தையும் இதே அறையில எல்லார் முன்னாலயும் நின்னுக்கிட்டு நான் சத்தமா படிக்கிறேன். தும்மலையும் சேர்த்து."

அறையில் இருந்த பெற்றோர் எல்லோரும் சிரித்தார்கள். அட்டவணை சார் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார். 'ஆறு மணி நான்கு நிமிடம்: துணைத் தலைவி ஓர் உறுதிமொழி அளித்தார்.'

அதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? ஏற்பாட்டுக்காரர் வாழ்க்கையில் எதுவும் அதோடு முடிவதில்லை. அது நிலுவைப் பட்டியலுக்குப் போகும். ஒவ்வொரு மாதமும் கூட்டத்தின் தொடக்கத்தில் அவர் எழுந்து நின்று நிலுவைப் பட்டியலைப் படிப்பார். ஒன்று, கொடிக்கம்பத்தின் கயிறு மாற்றுதல். இரண்டு, முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு. இப்படிப் போய், ஆறு, துணைத் தலைவி அளித்த உறுதிமொழி. மார்ச்சில் படித்தார். ஏப்ரலில் படித்தார். குரலில் குத்தல் ஏதும் இருக்காது. கொடிக்கயிற்றுக்கும் பூட்டுக்கும் என்ன குரலோ அதே குரல். மருந்தாளருக்கு அதுதான் தாங்கவில்லை. கிண்டலாகப் படித்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

இதற்கிடையே ஒத்திகைகள் நடந்தன. ஏற்பாட்டுக்காரருக்கு உண்மையான நடையைவிட ஒத்திகைதான் இனிக்கும். அதில் பிள்ளைகள் இல்லை பாருங்கள். ஞாயிறு காலைகளில் ஆள் அரவமற்ற தெருக்களில் கையில் கடிகாரத்தோடு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எட்டு எவ்வளவோ அவ்வளவே எட்டு வைத்து, ஐம்பது வயது மனிதர் ஒருவர் குறுநடை போட்டுப் போவதைப் பால்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். போகும்போதே தரையில் குறி போடுவார். சாரணர்களுக்கு என்று ஒரு தரைமொழி உண்டு. அம்பு போட்டால், இப்படிப் போ. பெருக்கல் குறி போட்டால், இப்படிப் போகாதே. வட்டம் போட்டு நடுவே ஒரு புள்ளி வைத்தால், நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அணிகள் மூன்றும் கால்மணி இடைவெளியில் கிளம்பி, பெரியவர் துணையின்றி, இந்தக் குறிகளை மட்டுமே பார்த்து நடக்க வேண்டும்; பெரியவர்கள் ஆங்காங்கே நின்று எண்ணிக்கொள்வார்கள். அதுதான் ஏற்பாடு.

முதல் இரண்டு பாதைகளும் சரிப்படவில்லை. இரண்டாவதன் குறிகளை மழை கழுவிக்கொண்டு போனது. மழை ஒரு முறை ஏமாற்றலாம். மறுவாரமே மரக்கிடங்குக்குப் போய், மழையில் கிடக்கும் கட்டைகளுக்கு எண் போடுவார்களே, அந்த மெழுகுக் கட்டி ஒரு டஜன் வாங்கிவந்துவிட்டார்.

மூன்றாம் பாதையை வரைந்துகொண்டே போனபோதுதான் அது நிகழ்ந்தது. சோப்புக் கிடங்கின் பின்புறச் சந்தில், படிக்கட்டின் அடியில், அவருடைய கடைவாய்ப் பல் ஒன்றில் வலி கிளம்பிவிட்டது. திட்டத்தில் இல்லாத வலி. கண் இருண்டது. வேறு யாராக இருந்தாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவர் ஓடவில்லை. சாரணர் தரையிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது. குனிந்து, சிரமப்பட்டு, ஒழுங்கான ஒரு வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்தார். அதன் பிறகுதான் ஓடினார். ஓடியது வீட்டுக்கல்ல, பல் மருத்துவரிடம். ஆனால் பல் மருத்துவரிடம் போய்விட்டேன் என்பதற்குச் சாரணர் மொழியில் குறி இல்லை.

அந்தப் பாதையும் கைவிடப்பட்டது. நான்கு, ஐந்து, ஆறு என்று போய், ஏழாம் பாதை ஜூன் ஒன்பதாம் தேதிக் கூட்டத்தில் இறுதியாயிற்று. நடை ஜூன் இருபத்தொன்பது, சனிக்கிழமை. கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம். அந்த ஒரு நாளையும் அவர் 'கூடுதல் அவகாசம்' என்று திட்டத்தில் குறித்திருந்தார்.

ஒன்பது மணிக்குக் கழுகு அணி. ஒன்பதே காலுக்கு நரி அணி. ஒன்பதரைக்கு மான் அணி. அணிக்கு ஏழு பேர். அஞ்சலக வாசலில் பல் மருத்துவர் நின்று அனுப்பினார். மருந்தாளர் அச்சுக்கூட வாசலில் பலகை ஒன்றில் பட்டியலோடு நின்றார். மணிக்கூண்டடியில் அட்டவணை சாரும், மாவட்டத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் அம்மாளும். சரியாகப் பன்னிரண்டுக்குத் தலைகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த அம்மாள் போய்விடுவார்.

ஒன்பது ஐம்பதுக்குக் கழுகுகள் அச்சுக்கூடத்துக்கு வந்தார்கள். பத்து ஐந்துக்கு நரிகள் வர வேண்டும். வரவில்லை. பத்து பத்துக்கு மருந்தாளர் தம் மகளை மனத்துக்குள் திட்டினார். பத்து பதினைந்துக்குத் திட்டுவதை நிறுத்திவிட்டார். பத்து இருபதுக்குத் தெருமுனையில் கழுத்துத் துணிகள் தெரிந்தன. மான்கள்.

"நரிங்கள எங்கேயாவது பாத்தீங்களா?"

"இல்லக்கா. அவங்க எங்களுக்கு முன்னாடியில்ல போனாங்க?"

மருந்தாளர் தொலைபேசியை எடுத்தார். ஒரு மணி முழுதாக அடிப்பதற்குள் அட்டவணை சார் எடுத்தார்.

"சார், நரி அணி வரல."

"எத்தனை நிமிஷம், மேடம்?"

"பதினாறு."

"தரையைப் பாத்துக்கிட்டே பின்னால போங்க, மேடம். நானும் வந்துடறேன்."  

அவர் மணிக்கூண்டிலிருந்து பின்னோக்கி வந்தார். இவர் அச்சுக்கூடத்திலிருந்து பின்னோக்கிப் போனார். கல்பாலத்தருகே அவர் வந்து சேர்ந்துகொள்ள, இருவரும் சேர்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். மூன்று தெரு கூடும் முனையில் விஷயம் விளங்கிற்று. ஏழாம் பாதையின் அம்பு இருந்த இடத்துக்குச் சற்று முன்னே மரச்சாமான் இறக்கும் லாரி ஒன்று நின்றது. கழுகுகள் புது அம்பைப் பார்த்துப் போன பிறகு வந்து அதன் மேலேயே நின்றிருக்கிறது. மான்கள் வருவதற்குள் முன்னே நகர்ந்திருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் வந்த நரிகளுக்கு ஒரே ஓர் அம்புதான் கண்ணில் பட்டிருக்கும். பளிச்சென்று, மழைக்கும் மங்காமல், இடப்பக்கச் சந்தைக் காட்டிக்கொண்டிருந்த மூன்றாம் பாதையின் அம்பு.

இருவரும் அதன்படியே போனார்கள். அம்புகள் ஒன்றுகூடப் பிசகாமல் அழைத்துப்போயின. நல்ல வேலைப்பாடு. சோப்புக் கிடங்கின் பின்புறம், படிக்கட்டின் அடியில் வந்து நின்றார்கள். ஒழுங்கான ஒரு வட்டம். நடுவில் புள்ளி.

மருந்தாளருக்குக் குறி தெரியும். இருந்தாலும் கேட்டார். "இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"நான் வீட்டுக்குப் போயிட்டேன்னு அர்த்தம்."

"யாரு போனது?"

"நான்தான். ஏப்ரல்ல."

"இப்ப பிள்ளைங்க எங்க சார்?"

அவர் வட்டத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "தலைவர் வீட்டுக்குப் போயிட்டா அன்னைக்கு நடை முடிஞ்சதுன்னு சொல்லிக் கொடுத்திருக்கோம். நல்ல பிள்ளைங்க, மேடம். குறி சொன்னபடி செஞ்சிருப்பாங்க."

நாற்பத்து மூன்று பக்கம் எழுதிய மனிதரையும், ஒரே ஒரு வட்டத்தையும் மருந்தாளர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேசினார். என்ன பேசினார் என்பதை முழுவதும் எழுத வேண்டியதில்லை. "தும்மலுக்கு விதி எழுதினீங்க, போட்ட கோட்டை அழிக்கிறதுக்கு ஒரு விதி எழுதத் தோணலையா உங்களுக்கு?" என்பது அதில் மென்மையான பகுதி. அவர் மறுத்துச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பேச்சு முடிந்ததும், "விதி நாற்பத்தொண்ணு இருக்கு, மேடம்," என்றார்.

"அந்தத் தாளை எந்த வீட்ல சார் படிச்சிருக்கப் போறாங்க?"

மருந்தாளர் தம் வீட்டுக்கு ஆறு முறை அழைத்தார். ஆறு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. மருந்தாளரின் கணவர் தையற்காரர், வீட்டிலேயே வேலை. தையல் இயந்திரம் ஓடுகிறபோது தொலைபேசி ஒலித்தால் அவருக்குக் கேட்காது. கேட்டாலும் கையில் துணி இருந்தால் எடுக்க மாட்டார். பதினொன்று நாற்பதுக்கு இருவரும் மணிக்கூண்டுக்குத் திரும்பியபோது, அங்கே பதினான்கு பிள்ளைகள் இரு வரிசையாக நின்றார்கள். மேற்பார்வையாளர் அம்மாள் மூன்றாம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"தாள்ல இருபத்தொண்ணுன்னு இருக்கு. இங்க பதினாலுதான் இருக்கு."

"பன்னெண்டு ஆகலையே, மேடம்," என்றார் அட்டவணை சார்.

"ஆகட்டும். ஆனா பன்னெண்டுன்னா எனக்குப் பன்னெண்டுதான்."

வேறொரு நாளாக இருந்தால் இந்தச் சொல் அவர் காதில் தேனாகப் பாய்ந்திருக்கும்.

இனி, தையற்காரர் வீட்டுக்கு வருவோம். அங்கே நடந்ததை மருந்தாளர் பிற்பாடு கணவரிடமும் மகளிடமும் தனித்தனியே கேட்டு, இரண்டையும் ஒத்துப்பார்த்துத் தெரிந்துகொண்டார். வீட்டுக்குப் போவது என்று நரிகள் உடனே முடிவு செய்துவிட்டார்கள். எந்த வீட்டுக்கு என்பதில்தான் சிக்கல். அணியாகத் தொடங்கியவர்கள் அணியாகவே போக வேண்டும் என்பதால் அணித் தலைவி வீட்டுக்குப் போவது என்று வாக்கெடுத்திருக்கிறார்கள். ஐந்துக்கு இரண்டு. வரிசை கலையாமல் நடந்து வந்து, பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் நின்றார்கள். தையற்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"என்னம்மா, அதுக்குள்ள வரலாறு தீந்துபோச்சா?"

"அட்டவணை சார் வீட்டுக்குப் போயிட்டாருப்பா. குறி போட்டிருந்தாரு. அதான் நாங்களும் வந்துட்டோம்."

"அவரா? அவரு வீட்டுக்குப் போறதுக்கே ரெண்டு நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுப்பாரே." சொல்லிக்கொண்டே, பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர் குளிர்பெட்டிக் கதவில் கை வைத்தார். வைத்த கைக்கு நேரே ஒரு தாள் இருந்தது. நான்கு மாதமாக வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டிச் சிரித்த தாள். இப்போது அதை ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரு முறை படித்தார். படித்துவிட்டுத் திரும்பினால், ஒரு நரி நாற்காலியில் உட்காரப் போய்க்கொண்டிருந்தது.

"உக்காராதே," என்றார் தையற்காரர். "ஆ."

"என்ன அங்கிள் ஆ?"

"ஆன்னு போட்டிருக்கு. உட்கார விட வேண்டாம். எல்லாரும் வெளிய வாங்க."

கழுத்தில் அளவுநாடா தொங்க அவர் தெருவில் இறங்கினார். கிடைத்த வண்டி என்றுதானே விதி சொல்கிறது? கிடைத்தது அடுத்த கடைச் சலவைக்காரரின் வண்டி. சலவைக்காரர் மறுக்கவில்லை. வழியில் இரண்டு இடத்தில் சட்டை கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று மட்டும் சொன்னார். இரண்டு இடம் என்றவர் நான்கு இடத்தில் கொடுத்தார்.

பதினொன்று ஐம்பத்தேழு. மேற்பார்வையாளர் அம்மாள் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். மருந்தாளர் தெருவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அக்கரைப் பேருந்துகளை எண்ணத் தொடங்கியிருந்தார். அப்போது ஒரு வண்டி வந்து நின்று, பின்கதவு திறந்தது. தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைகளை விலக்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, ஏழு நரிகள் இறங்கினார்கள். அவர்களுடைய கழுத்துத் துணிகள் மட்டும் மற்ற அணிகளின் துணிகளைவிடச் சற்று மடிப்புக் குலையாமல் இருந்தன.

தலைவி வந்து விறைப்பாக நின்றாள். "நரி அணி, ஏழு பேர் சார். ஏழு பேரும் வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பிட்டோம் சார்."

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்போம். மான்களை அனுப்பிவிட்டு அங்கே வந்திருந்த பல் மருத்துவர் அதற்கு வாயைத் திறக்கவும் செய்தார். அட்டவணை சார் முந்திக்கொண்டு, நடந்ததை நடந்தபடி, மணி நிமிடத்தோடு மேற்பார்வையாளரிடம் ஒப்பித்துவிட்டு, ஆதாரமாக நாற்பத்தொன்றாம் விதி இருந்த பக்கத்தையும் நீட்டினார். அந்த அம்மாள் அதை இரண்டு முறை படித்தார்.

"வீடு வரைக்கும் நடந்துதான் போனாங்களா?"

"நாலு கிலோமீட்டர், மேடம். நடை மொத்தமும் மூணே முக்கால்தான்."

"அப்ப நடை குறையல." மறுபடி எண்ணினார். இருபத்தொன்று. கையெழுத்துப் போட்டார். மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்து ஓய்ந்த பிறகு, சற்றுத் தயங்கி, "இந்தத் திட்டத்துல எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?" என்று கேட்டார். அவரும் அந்த இனந்தான் என்பது மருந்தாளருக்கு அப்போதுதான் உறைத்தது.

குழு பிழைத்தது. உறுதிமொழிக் கடன் பாக்கி நின்றது.

ஜூலை ஏழாம் தேதி அடுத்த கூட்டம். வாக்குக் கொடுத்தாயிற்று, சாட்சியும் இருக்கிறது, நேரத்தோடு பதிவும் இருக்கிறது. படித்துத் தொலைக்க வேண்டியதுதான் என்று மருந்தாளர் முடிவு செய்தார். முடிவு செய்ததோடு நின்றாரா? தம் கடையிலிருந்தே தொண்டைக்கு இதமான மாத்திரை ஒரு பட்டை எடுத்து வைத்துக்கொண்டார். நாற்பத்து மூன்று பக்கத்தையும் கடையில் ஆளில்லாத மதியங்களில் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. எங்கே நிறுத்தித் தண்ணீர் குடிப்பது என்று பென்சிலால் சிறு குறிகள் போட்டுக்கொண்டார். முதலில் போட்ட குறிகள் சரிப்படவில்லை, மாற்றிப் போட்டார்.

"என்ன, ஒத்திகையா?" என்றார் கணவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"சும்மா நேரம் பாத்தேன்."

"பழைய குறியை அழிச்சியா?"

அழித்திருந்தார். இரண்டு முறை சரியும் பார்த்திருந்தார்.

கூட்டத்துக்கு ஐந்து இருபத்தெட்டுக்கே போய்விட்டார். அங்கே பல் மருத்துவர் ஒரு மாதிரியாக உட்கார்ந்திருந்தார். "அம்மா, ஒண்ணு சொல்லணும்," என்று தொடங்கினார். "அந்த மூணாவது பாதையை அழிக்கிற பொறுப்பை, வலியோட ஓடிவந்த அன்னைக்கே சார் எங்கிட்டதான் கொடுத்திருந்தாரு. நான் மறந்துட்டேன். அடுத்த வாரமே பேய் மழை. சரி, மழையே அழிச்சிருக்கும்னு, அவரு பல்லைப் பிடுங்கிக்க வந்தப்ப, அழிஞ்சாச்சு சார்னு சொல்லிட்டேன். மெழுகுன்னு எனக்குத் தெரியாது. அவருக்கு வாய் மரத்துப்போயிருந்துச்சு, குறுக்குக் கேள்வி கேக்க முடியல. டிக் போட்டுட்டாரு."

மருந்தாளருக்குச் சோப்புக் கிடங்குப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. அங்கே தாம் பேசிய பேச்சும், அதற்கு அந்த மனிதர் தலையை மட்டும் ஆட்டியதும்.

ஐந்தரைக்கு அட்டவணை சார் எழுந்து, நடை பற்றிய அறிக்கையைப் படித்தார். 'மூன்றாம் பாதையின் குறிகள் அழிக்கப்படாதது, திட்டமிட்டவர் நேரில் பார்க்காமல் டிக் போட்டதனால் நேர்ந்த பிழை.' அவ்வளவுதான். பல் மருத்துவரின் பெயர் அதில் இல்லை. பல்லைப் பற்றியும் பேச்சில்லை. பிறகு, வழக்கம்போல், நிலுவைப் பட்டியலை எடுத்தார். மருந்தாளர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, மடியிலிருந்த நாற்பத்து மூன்று பக்கத்தையும் நேராக்கினார்.

"ஒன்று, கொடிக்கம்பத்தின் கயிறு. இரண்டு, முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு. மூன்று, நூலகப் புத்தகம் திருப்புதல். நான்கு, வரைபடப் பலகைக்கு வண்ணம். ஐந்து, தண்ணீர்க் குடுவைகள்." தாளைப் பார்த்தபடியே, குரலில் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் தொடர்ந்தார். "ஏழு, கூடாரத் துணி தைத்தல்."

யாரும் கவனிக்கவில்லை. மருந்தாளர் கவனித்தார். ஒரு காற்புள்ளியைக்கூட விடாத மனிதர். எண்களையாவது மாற்றிப் போட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. ஏற்பாட்டுக்காரரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அணிக்கு ஏழு பேர் என்றால் மூன்று அணிக்கு இருபத்தொன்று சரியாக வருகிறதா என்று நடுவில் ஒரு முறை கூட்டிப் பார்த்தீர்களா, இல்லையா? நரிகள் வாக்கெடுத்து ஐந்துக்கு இரண்டு என்று வந்தபோது, ஆமாம், ஏழுதான் என்று தலையாட்டினீர்களா? முதல் கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டால், திரும்பிப் பார்க்காமலே சொல்வீர்களா? அப்படியானால் ஒரு மெழுகுக் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழிக்க ஒரு துணியும் வாங்குங்கள். அதை முதலில் வாங்குங்கள்.

மருந்தாளர் மடியில் இருந்த தாள்களைப் பைக்குள் திருப்பி வைத்தார். அதன் பிறகு ஆகஸ்ட் வந்தது, செப்டம்பர் வந்தது. கயிறு மாறியது, பூட்டு வந்தது, கூடாரத் துணியைத் தையற்காரரே தைத்துக் கொடுத்தார். மாதந்தோறும் அட்டவணை சார் எழுந்து நின்று பட்டியலைப் படிக்கிறார். மாதந்தோறும் மருந்தாளர் பையில் அந்த நாற்பத்து மூன்று பக்கம் இருக்கிறது. கேட்டால் எழுந்து நின்று படித்துவிடுவார். அவர் கேட்டதில்லை. அந்தக் கடன் இன்னும் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் இருக்கிறது.